நெட்டை அக்காவுக்கு எதிராக ஒரு ஜெபம்

எங்கள் வீட்டில் காலையில் யாரும் சும்மா உடுத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பியதில்லை. யுத்தத்துக்குக் கிளம்பினோம். அண்ணி அப்படித்தான் சொல்வார். "வேலைக்குத்தானே போறோம்னு அசால்ட்டா இருக்காத வாயாடி. படியிறங்கினதுமே ஒருத்தன் காத்திட்டிருக்கான்" என்பார். அந்த ஒருத்தன் பிசாசு. வாயாடி என்பது நான். அந்தப் பெயரை அண்ணன் வைத்தான், அண்ணி அதை நிரந்தரமாக்கினார்.

அது மாடிக் குடியிருப்பு ஒன்றில் சின்ன வீடு. கதவுக்கு உள்பக்கம் ஓர் ஆள் தாராளமாக நிற்கலாம். நாங்கள் மூன்று பேர் நிற்போம். சுவரில் குடை மாட்டும் ஆணி, கீழே செருப்புகள், நடுவில் ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில். பிசாசை எதிர்க்க அணிய வேண்டியவை என்று வேதம் சொல்லும் ஆயுதங்களை அண்ணி ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்குவார். ரப்பர் காலணியை மாட்டும்போது "சமாதானத்தின் பாதரட்சை." வேலையிடத்தில் முடி உதிரக்கூடாது என்று கொடுத்த துணித் தொப்பியைக் காது வரை இழுத்துவிடும்போது "இரட்சணியத்தின் தலைச்சீரா." ஆணியிலிருந்து குடையை எடுத்தால் அது "விசுவாசக் கேடகம்." மேகமே இல்லாத நாளிலும் குடை போகும். விசுவாசத்தை வீட்டில் வைத்துவிட்டா பேருந்து ஏறுவது?

சத்தியம் என்னும் கச்சை மட்டும் அண்ணனுடையது. அவன் பார்சல் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவன். பெட்டி தூக்கித் தூக்கி முதுகெலும்பு விலகி, டாக்டர் ஒரு அகலமான இடுப்புப் பட்டையைக் கொடுத்துப் படுத்திருக்கச் சொல்லிவிட்டார். எங்களை வழியனுப்புவதற்கென்றே எழுந்து வந்து, அந்தப் பட்டையைச் சர்ரென்று இழுத்து ஒட்டிக்கொண்டு, "சத்தியம் இறுக்கமா இருக்கு. மூச்சு விட முடியல" என்பான். அண்ணி முறைப்பார். நான் சிரிப்பேன். பிறகு மூவரும் கண்ணை மூடி ஜெபிப்போம். அண்ணியின் குரலில் துளிகூடத் தயக்கம் இருக்காது; அவ்வளவு நிச்சயம் அவருக்கு.

இப்போது நான் தனியாக இருக்கும் வீட்டில் வாசல் அகலமானது. ஒரு கூட்டமே நிற்கலாம், நிற்க ஆள்தான் இல்லை. கதவைப் பூட்டும்போது என் முழங்கை யார் விலாவிலும் படுவதில்லை என்பது சில காலைகளில் தாங்க முடியாததாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றுமில்லை.

அண்ணியும் நானும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தோம். மருந்து வாசனை வரும் பக்கம் அல்ல, சோப்பு வாசனை வரும் பக்கம். கட்டடத்தில் தரைக்குக் கீழே உள்ள தளத்தில் சலவைப் பகுதி. ஒரு கோடியில் துவைக்கும் இயந்திரங்கள் ஓயாமல் உருண்டுகொண்டிருக்கும். நடுவில் நீராவி பிரஸ். மூடியைக் கீழே இழுத்தால் புஸ்ஸென்று ஆவி விட்டு, ஒரு சட்டையை ஒரே அழுத்தில் தேய்த்துவிடும். இந்தக் கோடியில் மடிப்பு மேசை. மூலையில் என் தையல் இயந்திரம். கிழிந்த விரிப்பு, பட்டன் போன நோயாளிச் சட்டை, வளையம் அறுந்த திரை எல்லாம் என்னிடம் வரும். குளிர்காலத்தில் அந்த ஆஸ்பத்திரியிலேயே கதகதப்பான இடம் எங்களுடையதுதான். மேலே டாக்டர்கள் கையைத் தேய்த்துக்கொண்டிருக்க, நாங்கள் கீழே வியர்வை துடைத்துக்கொண்டிருப்போம்.

படுக்கை விரிப்பை ஒரு ஆள் மடிக்க முடியாது. இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளவாக்கில் மடித்து, பிறகு ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது கையும் கையும் படும், முகமும் முகமும் பார்க்கும். மறுபடி விலகி, மறுபடி நெருங்கி, அந்த விரிப்பு முடிந்தால் அடுத்தது. காலை முழுக்க இதுதான். பிடிக்காத ஆளோடு இந்த வேலையைச் செய்வது எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அண்ணிக்கு எதிரே நின்றவர் நெட்டை அக்கா. பெயர் நாங்கள் வைத்தது. அண்ணி என் தோளுக்கு வருவார். நான் நெட்டை அக்காவின் தோளுக்கு வருவேன். அவர் கையை இயல்பாக வைத்துப் பிடித்தால் விரிப்பு அண்ணியின் மூக்கை மூடும். அண்ணி இயல்பாகப் பிடித்தால் விரிப்பின் அடி தரையில் புரளும். தரையில் பட்ட விரிப்பு திரும்பவும் துவைக்கப் போக வேண்டும், அதற்குத் துவைக்கிறவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

"கொஞ்சம் கீழ பிடிங்க, சிஸ்டர்."

"நீங்க கொஞ்சம் மேல தூக்குங்க, சிஸ்டர்."

விசுவாசிகள் ஒருவரையொருவர் அழைக்கும் சிஸ்டர் என்ற சொல்லுக்குள் அவ்வளவு கோபத்தை அடைக்க முடியும் என்று நான் அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு பேருமே சபைக்குப் போகிறவர்கள் என்பதுதான் இதில் வேடிக்கை. சபைதான் வேறு. எங்கள் சபையில் கைதட்டிப் பாடுவோம், சத்தமாக ஜெபிப்போம். நெட்டை அக்காவின் சபை பழையது. அங்கே எழுந்திருக்கவும் முழங்காலிடவும் முறை உண்டு, யாரும் குரலை உயர்த்துவதில்லை. "முணுமுணுன்னு சொன்னா அவருக்கு எப்படிக் கேக்கும்?" என்பார் அண்ணி. "அவருக்குக் காது கேக்காதுன்னு நெனச்சுக் கத்தறாங்க" என்று நெட்டை அக்கா பிரஸ் பக்கம் நின்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. நான் அதை அண்ணியிடம் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் சமாதானத்தின் பாதரட்சை இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர், நம்முடைய போராட்டம் மனிதர்களோடு இல்லை, கண்ணுக்குத் தெரியாதவனோடு என்று நீளமாகப் பிரசங்கித்தார். வீட்டில் பேசுகிற பேச்சில், வேலையிடத்துப் பொறாமையில், வரிசையில் நிற்கும்போது வருகிற எரிச்சலில் அவன் எப்படி நுழைகிறான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் அண்ணிதான் சத்தமாக ஆமென் சொன்னார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்து, "கவனிச்சியா? அப்படியே நெட்டையைத்தான் சொன்னாரு" என்றார்.

"போராட்டம் மனுஷங்களோட இல்லன்னுதானே அண்ணி சொன்னாரு?"

"அதான் சொல்றேன். அவ மனுஷியே இல்ல."

வீட்டில் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவன் படுத்தபடியே கூரையைப் பார்த்துச் சிரித்தான். "உள்ளங்கால்லேருந்து உச்சி வரைக்கும் ஆயுதத்தை மாட்டிக்கிட்டு, உங்க அண்ணி போற இடம் மடிப்பு மேசை. அந்த நெட்டைப் பொம்பளை பாவம்" என்றான். அண்ணி அவனுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தார்.

அந்த நாட்கள் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தன என்று அப்போது தெரியவில்லை. சாயங்காலம் வீடு திரும்பினால் தைல வாசனை, எங்கள் உடம்பிலிருந்து சோப்பு வாசனை, அண்ணனின் கிண்டல், அண்ணியின் பாட்டு. சண்டைகூட அந்த வீட்டில் ருசியாக இருந்தது.

பிறகு சார் ஒரு நாள் எங்களையெல்லாம் கூப்பிட்டுப் பேசினார். சார் என்பவர் சலவைப் பகுதி மேற்பார்வையாளர், சதா இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டிருக்கும் மனிதர், கெட்டவர் இல்லை. விரிப்பு மடிக்க ஒரு இயந்திரம் வரப்போகிறது, அது வந்தால் மடிப்பு மேசைக்கு ஒரு ஆள் போதும் என்றார். "யாருன்னு இன்னும் முடிவு பண்ணல. ரெண்டு பேரும் வேலையைக் கவனமா பாருங்க. அவ்வளவுதான் நான் சொல்ல முடியும்" என்று மிட்டாயைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதுவரை விளையாட்டாக இருந்தது அதற்குப் பிறகு விளையாட்டாக இல்லை. அண்ணனுக்கு எப்போது முதுகு நேராகும் என்று டாக்டருக்கே தெரியாது. என் சம்பளம் வீட்டு வாடகைக்கே இழுக்கும். அண்ணியின் வேலை போனால் அடுப்பு எப்படி எரியும் என்பது மூவருக்கும் தெரிந்தே இருந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நெட்டை அக்கா வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது. அப்போது விசாரிக்கவும் தோன்றவில்லை.

அண்ணி வெள்ளிக்கிழமைகளில் மதியம் உபவாசம் இருக்கத் தொடங்கினார். எல்லோரும் சாப்பிடப் போகும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போகும் பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஜெபிப்பார். ஜெபக்குழுவிலும் விண்ணப்பம் வைத்தார்: வேலையிடத்தில் சத்துரு தனக்கு விரோதமாக எழும்பியிருக்கிறான், அவனை அப்புறப்படுத்த வேண்டும். குழுவிலிருந்த பெண்கள் கண்ணீரோடு ஜெபித்தார்கள். அவர்கள் பிசாசை நினைத்து ஜெபித்தார்கள். அண்ணி ஒரு நெடிய உருவத்தை நினைத்து ஜெபித்தார்.

நெருப்பு பிடித்தது அப்படியொரு வெள்ளிக்கிழமை மதியம். நெருப்பு என்பது பெரிய வார்த்தை, புகைதான். நான் அப்போது மேலே வார்டில் கிழிந்த திரைகளைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்தில் புகை வாசனை வந்து, நர்ஸ்கள் ஓடி, நடக்க முடிந்த நோயாளிகளையெல்லாம் வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். ஒரு பெரியவர் கையில் குளுக்கோஸ் பாட்டிலைத் தானே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தது இன்னும் கண்ணில் இருக்கிறது. நான் கீழே ஓடி வந்தபோது துவைக்கிறவர்கள் வாளி வாளியாக ஊற்றி அணைத்திருந்தார்கள். பிரஸ் மூடி கீழே இறங்கியபடி கிடந்தது. உள்ளே ஆப்பரேஷன் தியேட்டர் அங்கி ஒன்று கருகிப் போயிருந்தது. பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தவையெல்லாம் புகை ஏறி வீணாகியிருந்தன.

பிரஸ்ஸை மூடிவிட்டு யாரோ திறக்காமலே போய்விட்டார்கள். மடிப்பு மேசைக்காரர்கள்தான் முறைவைத்துப் பிரஸ்ஸையும் பார்ப்பார்கள்; அன்றைக்கு முறை யாருக்கு என்று பலகையில் எழுதியிருந்தது. நெட்டை அக்காவுக்கு.

அவர் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தார். அவ்வளவு உயரமான மனுஷி குனிந்து நின்று அழுதபோது எங்கள் எல்லோரையும்விடச் சின்னவராகத் தெரிந்தார். சார் அவரிடம், "திங்கட்கிழமை காலையில என் ரூமுக்கு வாங்க. மேல கேப்பாங்க. நான் என்ன சொல்றது?" என்றார். மிட்டாய்கூடச் சப்பவில்லை. அண்ணி கொஞ்சம் தள்ளி நின்றிருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. நான் புகை என்று நினைத்தேன்.

ஜெபக்குழுவுக்கு விஷயம் என் மூலமாகத்தான் போனது. எனக்குத்தான் வாயாடி என்று பெயராயிற்றே. "கர்த்தர் பதில் குடுத்துட்டாரு" என்று ஆளாளுக்கு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், கிடைத்த நன்மையை எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்தது. போதகரம்மா மேடையிலிருந்து, "நம்ம சிஸ்டருக்கு ஒரு பெரிய ஜெயம் கிடைச்சிருக்கு. எழுந்து சொல்லுங்க" என்றார்.

அண்ணி எழுந்தார். மைக் கையில் வந்தது. சாட்சி சொல்வதென்றால் அவரை உட்கார வைப்பதுதான் வழக்கமாகக் கஷ்டம். அன்றைக்கு வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "கொஞ்சம் தண்ணி வேணும்" என்றார். தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு மைக்கை என் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். பாட்டுக்காரர்கள் நிலைமையைச் சமாளிக்க ஒரு பாட்டை எடுத்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சமையலறைக்கும் அண்ணன் படுத்திருந்த அறைக்கும் நடுவில் நின்றுகொண்டு சொன்னார்.

"பிரஸ்ஸை மூடினது நான்தான்."

அண்ணன் தலையைத் திருப்பினான்.

"முந்தின நாள் என் முறையில ஒரு அங்கி பாக்கி இருந்துச்சு. அவங்க அந்தப் பக்கம் போனாங்க. சட்டுன்னு போட்டு மூடினேன். ஜெபத்துக்கு நேரமாயிருச்சேன்னு படிக்கட்டுக்கு ஓடிட்டேன். திறக்கவே இல்ல."

அண்ணன் பேசினான். எப்போதும் கிண்டல் பேசுகிறவன் அன்றைக்கு ரொம்ப மெதுவாக, ரொம்ப அன்பாகப் பேசினான். "யாராவது பாத்தாங்களா?"

"இல்ல."

"அப்போ வாயை மூடிக்கிட்டு இரு. நீ பொய் சொல்லல. யாரும் உன்னைக் கேக்கவே இல்லையே. எப்படியும் ரெண்டுல ஒருத்தர் போகத்தான் போறீங்க. என்னால வண்டி எடுக்க முடியலம்மா. உன் வேலையும் போச்சுன்னா நாம என்ன பண்றது?"

அண்ணி அவன் கால்மாட்டில் உட்கார்ந்தார். "ரெண்டு நாளா எனக்குள்ள ஒரு குரல் இதையேதான் சொல்லிட்டிருக்கு. அச்சு அசலா நீங்க சொன்ன மாதிரியே. இவ்வளவு இதமா பேசறது யாருன்னு யோசிச்சிட்டே இருந்தேன்" என்றார்.

அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். என் வாழ்நாளில் அதை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"தெனமும் ஆயுதத்தை மாட்டிக்கிட்டு வாசல் வழியா வெளிய போறேன்" என்றார் அண்ணி. "அவன் வெளிய இருக்கான்னு நெனச்சேன். அவன் எனக்குள்ள உக்காந்துகிட்டு என்கூடவே பஸ் ஏறியிருக்கான். அந்தப் பொம்பளை அழுதப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுங்க. ஒரு நிமிஷம். நிஜமாவே சந்தோஷமா இருந்துச்சு." அதைச் சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கு இருவரையும் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஒன்றும் செய்யாமல் அடுப்பைப் போய் அணைத்தேன். பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலையில் வாசலில் மூவரும் நின்றோம். அண்ணன் பட்டையை இழுத்து ஒட்டினான். வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. "போயிட்டு வா" என்று மட்டும் அண்ணியிடம் சொன்னான். அவனைப் பொறுத்தவரை அதுவே பெரிய ஜெபம்.

சாரின் அறை என்பது சலவைப் பகுதிக்குள்ளேயே கண்ணாடித் தடுப்பு வைத்த ஒரு மூலை. தடுப்பு கூரை வரை போகாது. என் தையல் இயந்திரம் அதை ஒட்டியே இருந்தது. நான் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீங்களாக இருந்தாலும் கேட்டிருப்பீர்கள்.

அண்ணி உள்ளே போனபோது நெட்டை அக்கா ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். சொல்லியும் முடித்திருந்தார்.

"என்னம்மா, நீங்களும் வந்துட்டீங்க?" என்றார் சார். "இவங்கதான் தப்பை ஒத்துக்கிட்டாங்களே. பிரஸ்ஸைத் திறக்காம போயிட்டேன்னு சொல்லிட்டாங்க."

"அவங்க இல்ல சார். நான்தான்."

சார் மிட்டாயை வாயில் போடப் போனவர் நிறுத்திவிட்டார். "என்ன, ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா?"

அந்த இருவரும் பேசி வைத்துக்கொள்வது நடக்கக்கூடிய காரியமா? எனக்குச் சிரிப்பே வந்தது.

"கடைசியா அங்கியைப் போட்டு மூடினது நான். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றார் அண்ணி.

நெட்டை அக்கா அவரைக் குனிந்து பார்த்தார். "நான்தான் மறந்துட்டேன்னு நெனச்சேன். என் முறை. நான் அங்க இருந்திருக்கணும். நான் இல்ல."

"எங்க போனீங்க?" என்றார் சார்.

"சோப்பு டிரம் வச்சிருக்கிற அறைக்கு."

"அங்க என்ன?"

"ஜெபம் பண்ண."

சார் அண்ணியின் பக்கம் திரும்பினார். "நீங்க?"

"பின்படிக்கட்டுல. ஜெபம் பண்ண."

"ரெண்டு பேரும் ஜெபம் பண்ணப் போயிட்டீங்க, ஆஸ்பத்திரி எரிஞ்சிட்டிருந்துச்சு." சாருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அப்போதுதான். "அப்படி என்னம்மா தலை போற ஜெபம்? எதுக்காக?"

அண்ணி சொல்லாமல் தப்பித்திருக்கலாம். வீட்டுக்காரர் முதுகுக்காக என்று சொன்னாலே போதும், அதுவும் பாதி உண்மைதான்.

"இவங்க இங்கேருந்து போகணும்னு" என்றார் அண்ணி. "இவங்களுக்கு எதிராத்தான் சார் ஜெபம் பண்ணேன். வெள்ளிக்கிழமை தவறாம. சத்துருவை அப்புறப்படுத்துங்கன்னு கேட்டேன். இவங்களைத்தான் சத்துருன்னு நெனச்சேன்."

நெட்டை அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "உபவாசத்தோடவா?"

"ஆமா."

"நானும்தான்" என்றார் நெட்டை அக்கா. "உங்களுக்கு எதிராத்தான். எங்க சபையில பெண்கள் கூட்டத்துலயும் சொல்லி வச்சிருக்கேன்."

சார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் எந்தச் சாமியையும் கும்பிடாத மனிதர். அந்த நிமிஷத்தில் அதற்காக அவர் சந்தோஷப்பட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் மேசை மேலிருந்ததையெல்லாம் ஒழுங்குபடுத்துவதுபோல் ஏதோ செய்துகொண்டே, "நான் ஒருத்தர் பேரைத்தான் மேல சொல்ல முடியும். மூடினவங்க பேரைச் சொல்லணும். எனக்கு வேற வழியில்லம்மா" என்றார்.

"என் பேரையே சொல்லுங்க சார்" என்றார் அண்ணி.

அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். அண்ணி தொப்பியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தார். துவைக்கிறவர்கள் ஈரக்கையோடு வந்து நின்றார்கள், என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பிப் போனார்கள். அண்ணியைப் பேருந்து ஏற்றிவிட்டு வர எனக்குச் சார் அனுமதி கொடுத்தார். வாசலைத் தாண்டி எதிர்ப்பக்க நிறுத்தத்தில் நின்றோம். வெயில் அடித்தது. அண்ணி அழவில்லை. "உங்க அண்ணன்கிட்ட என்னன்னு சொல்றது?" என்று ஒரு முறை கேட்டார், அவ்வளவுதான். எனக்குத்தான் கண்ணீர் வந்தது. அடுத்த மாதத்தை நினைத்தால் பயமாக இருந்தது. கூடவே, இவர் என் அண்ணி என்ற கர்வமும் வந்தது. எது எதற்குக் கண்ணீர் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அப்போது நெட்டை அக்கா சாலையைக் கடந்து ஓடி வந்தார். வேலை நேரத்தில் வெளியே வரக்கூடாது, தொப்பிகூடக் கழற்றவில்லை. வந்து நின்று மூச்சு வாங்கினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் விரிப்பு இல்லாமல் எதிரெதிரே நிற்பது அவர்களுக்குப் பழக்கமில்லை.

அண்ணிதான் முதலில் பேசினார். "பிரஸ் பலகை மேல போடற நல்ல உறை, தடிமனானது, மேல் அலமாரியில பழைய திரைக்கெல்லாம் பின்னால இருக்கு. எடுத்துக்குங்க. கிழிஞ்சதைப் போட்டுக்கிட்டு அவதிப்படாதீங்க."

"அது அங்க எப்படிப் போச்சு?"

"நான்தான் ஒளிச்சு வச்சேன். எனக்கு முறை வர்றப்போ மட்டும் எடுத்துக்குவேன்."

நெட்டை அக்கா வாயைப் பிளந்தார். "அதை எத்தனை நாள் தேடினேன் தெரியுமா சிஸ்டர்? கடைசில பிசாசுதான் மறைச்சு வச்சிருக்குன்னு அதுக்கும் சேத்து ஜெபம் பண்ணேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. நெட்டை அக்காவும் சிரித்தார். சாலை ஓரம் நின்று இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நிறுத்தத்தில் நின்றவர்கள் விலகி நின்றார்கள். எனக்கோ கோபம். அந்த உறை இருக்கும் இடத்தை அண்ணி எனக்குக்கூடச் சொன்னதில்லை.

சிரிப்பு அடங்கியதும் நெட்டை அக்காவின் முகம் மாறியது.

"சிஸ்டர், நான் கேட்டது எனக்குக் கிடைச்சிருச்சு" என்றார். "அப்படியே கிடைச்சிருச்சு. இதைக் கர்த்தர்கிட்ட எப்படித் திருப்பிக் குடுக்கறது?"

எல்லாக் கேள்விக்கும் ஒரு வசனம் வைத்திருப்பவர் என் அண்ணி. இந்த முறை எட்டி நெட்டை அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நெட்டை அக்கா கொஞ்சம் குனிந்தார், அண்ணி கொஞ்சம் நிமிர்ந்தார். பேருந்து வந்து நின்றது. மற்றவர்கள் ஏறினார்கள்; அண்ணி ஏறவில்லை என்று கண்டதும் அது போய்விட்டது.